ஓசிடி அக்கா

சின்னாளப்பட்டியில் சேலை மடிக்கத் தெரியாத பெண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அப்படிப்பட்ட ஊரிலேயே ஈஸ்வரன் சுங்குடிக் கடையில் முனீஸ்வரி மடித்த சேலைக்குத் தனிப் பேர் இருந்தது. ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். முந்தானை எங்கே முடிகிறது என்று விரலால் தேட வேண்டியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் அதைக் கையில் வாங்கியதும், "இதப் பிரிக்கவே மனசு வல்லயே" என்பார்கள். முனீஸ்வரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த சேலைக்குக் குனிந்துகொள்வாள்.

அந்தச் சிரிப்பு பொய். ஒரே சேலையை அவள் மறுபடி மறுபடி பிரித்து மடித்ததால்தான் மடிப்பு அப்படி வந்தது. அவள் அழகுக்காகப் பிரிக்கவில்லை. குண்டூசிக்காகப் பிரித்தாள்.

மடித்த சேலையின் மேல் விலைச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பது அந்தக் கடை வழக்கம். ஒருமுறை வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து, மடிப்புக்குள் ஊசி கிடந்து தன் விரலில் குத்திவிட்டது என்று சொன்னாள். சண்டைக்குக்கூட வரவில்லை. "பாத்து மடிங்கம்மா, புள்ளைக்குத் தொட்டில் கட்டலாம்னு வாங்குனேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சேலையும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் அத்தோடு மறந்திருப்பாள். முனீஸ்வரியால் முடியவில்லை. சுங்குடி மெத்தென்ற பருத்தி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அதில் கட்டிய தொட்டிலில் தூங்கி வளர்ந்தவைதான். அன்றிலிருந்து எந்தச் சேலையை எடுத்தாலும் அதற்குள் ஒரு ஊசியும், அந்தச் சேலையில் கட்டிய ஒரு தொட்டிலும், தொட்டிலுக்குள் ஒரு பிள்ளையும் அவள் கண்முன் வந்தன. பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதையும் அவள் மனது விடாமல் காட்டியது. அதை இங்கே எழுத வேண்டாம்.

பிரிப்பாள். உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மடித்துக் கையை எடுப்பதற்குள், 'சரியாப் பாத்தியா?' என்று உள்ளே ஒரு கேள்வி எழும். பார்த்தது அவளுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் நம்ப முடியாது. அதுதான் அந்தப் பயத்தின் அநியாயம். மறுபடி பிரிப்பாள்.

முனீஸ்வரி எரியோட்டுக்காரி. மிளகாயும் சோளமும் போடுகிற குடும்பத்திலிருந்து சுருளிவேலுக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தவள். சுருளிவேலுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் வேலை. மில் பஸ்ஸில் போய் மில் பஸ்ஸில் வருவான். நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரே மகள் புவனேஸ்வரியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் மத்தியில் முனீஸ்வரிக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்ற பேரும் உண்டு. விசேஷ வீட்டில் யாராவது கைப்பிள்ளையை நீட்டினால் வாங்க மாட்டாள். சளி பிடித்திருக்கிறது, கை ஈரமாக இருக்கிறது என்று எதையாவது சொல்லி நழுவிவிடுவாள். தான் தொட்டால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிடும் என்று மனதில் ஊறிப்போயிருந்தது. இந்த மாதிரி நினைப்பெல்லாம் வருகிறதே, உள்ளே ஆசை இல்லாமலா வரும் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்விக்குத் தானே பதிலும் சொல்லி, செய்யாத கொலைக்குத் தினமும் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில் புவனேஸ்வரி உண்டானாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. பெற்றவள் காதில் தேனாகப் பாய வேண்டிய சேதியைக் கேட்டு, முனீஸ்வரி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பச்சைப் பிள்ளை வீட்டுக்குள் வரப்போகிறது. குளிப்பாட்டுவதும் தூக்குவதும் தொட்டிலில் போடுவதும் இந்தக் கைதான்.

தூக்கம் போனது. தூக்க மாத்திரை கேட்கத்தான் திண்டுக்கல்லுக்குப் போய்ப் பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கினாள். அங்கே பார்த்தவர் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அந்த அறையிலிருந்த டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார். முனீஸ்வரி முதல்முறையாக ஊசியைப் பற்றியும் தொட்டிலைப் பற்றியும் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடித்ததும் போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்று கதவைப் பார்த்தாள்.

"நீங்க கெட்டவங்க இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு ஓசிடின்னு பேரு. வேண்டாத நெனப்பு விடாம வந்து பயமுறுத்தும். அந்தப் பயம் அடங்கணும்னா திரும்பப் பாரு, திரும்பப் பாருன்னு சொல்லும். இது ஒரு நோய். உங்க தப்பு இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பேரை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். விடுதலை என்று தீர்ப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவளின் நெஞ்சு அவளுக்கு. இத்தனை வருஷம் தன்னைக் கொலைகாரி என்று நினைத்திருந்தாள். இப்போது நோயாளி. எவ்வளவு பெரிய ஆறுதல்!

மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு பயிற்சி. ஒரு சேலையை மடித்தபின் பிரிக்காமல் வைத்துவிட வேண்டும், பயம் வரும், வந்தால் வரட்டும், அதுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும் என்று சொல்லியிருந்தார். முனீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு செய்து பார்த்தாள். நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது, பிறகு டாக்டரம்மா சொன்னபடியே தணிந்தது. வாரங்கள் போகப் போக, பிரிக்காமல் விட்ட சேலைகள் கூடின. வீட்டில் இதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொல்லியிருந்ததால், சுருளிவேலின் லீவு நாளன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

அதற்குள் வினிதா முந்திக்கொண்டாள்.

வினிதா, கடைக்காரர் ஈஸ்வரனின் மருமகள். படித்த பெண். சின்னாளப்பட்டிச் சேலையை இன்ஸ்டாகிராமில் ஏற்றி ஊர் ஊருக்குப் பார்சல் அனுப்ப வைத்தவள். கெட்ட பெண் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர்கள் என்று யாருமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். முனீஸ்வரி மடிப்பதை அவளுக்குத் தெரியாமலே வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, 'எங்க கடை ஓசிடி அக்கா' என்று எழுதி ஏற்றிவிட்டாள். பிறகு கொண்டுவந்து காட்டினாள்.

முனீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரி அறையில் சொன்னது கடைவரைக்கும் வந்துவிட்டதா?

"ஏம்மா வினிதா, இத ஒனக்கு யாரு சொன்னா?"

"எதக்கா?"

"இந்த... ஓசிடி."

"இத யாரு சொல்லணும்? நீங்க மடிக்கிறதப் பாத்தாலே தெரியுதே! ஒரு நூல் கோணுனாக்கூட ஒங்களுக்கு ஆகாதுல்ல? எனக்குங்கூட லைட்டா ஓசிடிதான்க்கா. வாசல்ல செருப்பு ஏறுக்குமாறாக் கெடந்தா என்னால தாங்கவே முடியாது."

யாரும் எதையும் சொல்லிவிடவில்லை என்று தெரிந்ததும் முனீஸ்வரிக்கு மூச்சு வந்தது. செத்த நேரம்தான். வினிதா கமெண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். எனக்கும் ஓசிடி, பீரோவில் கலர் வாரியாக அடுக்குவேன் என்று ஒருத்தி. எங்கள் வீட்டுக்கும் ஒரு ஓசிடி வேண்டும் என்று இன்னொருவர். ஓசிடி இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று ஒரு மகராசன். எல்லாவற்றுக்கும் கீழே சிரிக்கிற பொம்மைகள். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன பேர் அது. இங்கே வெற்றிலை பாக்குப் போல ஆளாளுக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

லீவு நாள் வந்தது. சுருளிவேல் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். முனீஸ்வரி வெஞ்சனத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று அவள் யோசிப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"ஏ புள்ள, மில்லு பூரா ஒன் பேச்சுத்தான். ஓசிடியாம்ல ஒனக்கு? பசங்க போன்ல காட்டுனாய்ங்க." அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க மேஸ்திரிக்கும் அதான்ங்குறாய்ங்க. பீடியக்கூட வரிசையா அடுக்கி வச்சுத்தான் குடிப்பாரு. பாத்தா எனக்குங்கூட இருக்கும் போலயே. வண்டியப் பூட்டிட்டு ரெண்டுதரம் இழுத்துப் பாக்குறேன்ல?"

"அது அப்படி இல்லீங்க..."

"எப்படி இருந்தா என்ன? சுத்தக்காரின்னு பேரு வாங்கிட்ட. குழம்ப ஊத்து."

ஊற்றினாள். அன்று பாத்திரம் கழுவும்போது அவள் மனது ஒரு கணக்குப் போட்டது. வினிதாவுக்கு ஓசிடி. மேஸ்திரிக்கு ஓசிடி. வீட்டுக்காரருக்கும் ஓசிடி. அவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள், தூங்குகிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். யாருக்கும் தொட்டிலுக்குள் ஊசி தெரிவதில்லை. அப்படியானால் ஓசிடி என்பது அதுதான், தனக்கிருப்பது வேறு. தான் சரியாகச் சொல்லாமல் டாக்டரம்மாவை ஏமாற்றியிருக்கிறோம். நிஜமான நோயாளிக்குப் போக வேண்டிய மாத்திரையைப் பொய் சொல்லி வாங்கி வந்திருக்கிறோம். நோய் இல்லையென்றால் மிச்சம் இருப்பது என்ன? கெட்ட மனசு. மாத்திரை அட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு அதைத் தொடவில்லை.

வீடியோவால் ஆர்டர் குவிந்தது. வினிதா உற்சாகத்தில், 'ஓசிடி அக்கா கை பட்டது' என்று ஸ்டிக்கர் அடித்துப் பார்சல் தோறும் ஒட்டினாள். ஆர்டர் கூடக் கூட ஊசிகளும் தொட்டில்களும் கூடின. முனீஸ்வரி கடை திறக்கும் முன்பே வந்து காத்திருந்தாள், மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மடித்தாள். "அக்கா இன்னிக்குச் செம ஃபார்ம்" என்றாள் வினிதா.

புவனேஸ்வரி போன் செய்து, வளைகாப்பு முடிந்த கையோடு புறப்பட்டு வருவதாகச் சொன்னபோது, முனீஸ்வரி தனக்கே தெரியாத குரலில் பேசினாள்.

"இங்க தண்ணிக் கஷ்டம்மா. ஒங்க அத்த வீட்டுலயே பாத்துக்கிரட்டும்."

"நான் வர்றது ஒனக்குப் புடிக்கலயாம்மா?" என்று கேட்டுவிட்டு மகள் வைத்துவிட்டாள். விஷயம் தெரிந்து சுருளிவேல் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். பெற்ற மகளை வர வேண்டாம் என்று சொல்லும் பொம்பளையை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா என்று கேட்டான். அவளும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் தன்னிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் வினிதாவுக்கு அந்த விளையாட்டுப் புத்தி வந்தது. செல்போனை ஒரு சேலை அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, அதில் வீடியோ ஓடுவதைச் சொல்லாமல், காலையில் வந்ததும் வராததுமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, செம்பட்டிக்கு அனுப்புனோம்ல, பவித்ரான்னு? அந்தச் சேலைக்குள்ள குண்டூசி கெடந்துச்சாம். போன் பண்ணாங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொள்வாள், "நான் மடிச்சதுலயா? இருக்கவே இருக்காது" என்று மல்லுக்கு நிற்பாள், சிரித்து முடிக்கலாம் என்பது வினிதாவின் எண்ணம். முனீஸ்வரி மடியிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள், எழுந்தாள், வெளியே போனாள். முகம் கழுவப் போகிறாள் என்று வினிதா நினைத்தாள். அவள் செருப்புக்கூடப் போடாமல் செம்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள். விலாசத்தை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தான் மடித்த ஒவ்வொரு சேலையும் எந்தத் தெருவுக்குப் போனது என்று பார்சல் சீட்டில் படித்துவிட்டு, அதையே அவள் தினமும் நினைத்து நினைத்துத்தான் கிடந்தாள்.

பவித்ராவின் வீட்டுக் கூடத்தில் தொட்டில் தொங்கியது. அதே சேலை. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"சின்னாளப்பட்டிக் கடைல இருந்து வாரேன்மா. தொட்டில அவுரு. உள்ள ஊசி இருக்கு."

பவித்ரா பதறிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். சேலையை அவிழ்த்துத் தரையில் விரித்தார்கள். முனீஸ்வரி மண்டி போட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உள்ளங்கையால் தடவினாள். ஊசி இல்லை. மறுபடி தடவினாள்.

"ஒண்ணும் இல்லயேக்கா. ஊசின்னு யாரு சொன்னா?"

"நீதானம்மா போன் பண்ணுன."

"நான் யாருக்கும் போன் பண்ணலயே!"

அதைக் கேட்டும் முனீஸ்வரியின் கை நிற்கவில்லை. பவித்ரா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அட, ரீல்ஸ்ல வர்ற ஓசிடி அக்காவா நீங்க? அதான பாத்தேன்! இம்புட்டுத் தூரம் செக் பண்ண வந்தீங்களா? எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னா நம்பவே மாட்டாரு. செத்த நேரம் பிள்ளயப் புடிங்க, ஒரு செல்ஃபி எடுத்துக்கிறேன்."

பிள்ளையை நீட்டினாள்.

முனீஸ்வரி கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "என்ட்ட குடுக்காத தாயி! குடுக்காத!" என்று கத்தியபடி பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஓடி வந்தவள், தூங்கிய பிள்ளையை எழுப்பி அழவைத்துவிட்டாள். பவித்ராவின் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள்.

வினிதாவிடமிருந்து சேதி சுருளிவேலுக்குப் போனது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தவன், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வண்டியில் வந்தான். வந்த வேகத்தில் திட்டத்தான் வாயெடுத்தான். சுவரோரம் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும், குனிந்து தோளைத் தொட்டு எழுப்பினான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள்தான் கேட்டாள்.

"நாளைக்கு என்கூடப் பெரியாஸ்பத்திரிக்கு வாரீகளா?"

"ஒடம்புக்கு என்ன புள்ள?"

அவள் நோயின் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவானோ என்று பயந்தாள்.

சாயங்காலம் வினிதா வீட்டுக்கே வந்துவிட்டாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "நீங்க இம்புட்டுப் பயப்படுவீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எல்லா வீடியோவையும் எடுத்துட்டேன், ஸ்டிக்கரக் கிழிச்சுட்டேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் வினிதாதான். ஆனால், பாதியில் கடையை விட்டுப் போனதற்கு முனீஸ்வரிதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைப் பார்த்து வினிதா இன்னும் அழுதாள்.

மறுநாள் டாக்டரம்மாவின் எதிரே முனீஸ்வரியும் சுருளிவேலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு? மாத்திரைய ஏம்மா நிறுத்துனீங்க?"

முனீஸ்வரி முந்தானையைப் பிசைந்தாள். "எல்லாருக்கும் இருக்குன்னாங்க டாக்டர். கடைல இருக்கு, மில்லுல இருக்கு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. அப்ப அது நோயா இருக்காதுல்ல? எனக்குத்தான் புள்ளைக சாகுற மாதிரியே தெரியுது. நான் மடிச்ச சேலைல, என் கையாலயே. எனக்கு நோய் இல்லன்னா, நான் கெட்டவதான? அதான் என் மகளயும் வராதன்னு சொல்லிட்டேன். அந்தப் புள்ளயாச்சும் பொழைக்கட்டும்னு."

சுருளிவேல் தலை நிமிரவில்லை. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இப்போது அவன் காதிலேயே கேட்டது. 'அது அப்படி இல்லீங்க' என்று அவள் சொன்னதும், தான் குழம்பு கேட்டதும் நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறான். தெரிந்திருக்கக்கூடிய ஒரே நாளையும் சிரித்தே கெடுத்துவிட்டான். அவமானத்தில் காது சுட்டது.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் கை பின்னுக்குப் போவதற்குள் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு அது இல்ல புள்ள" என்றான். "மேஸ்திரிக்கும் இல்ல, எவனுக்கும் இல்ல. நாங்க சும்மா பேசுனோம். ஒனக்குத்தான் இருக்கு."

முனீஸ்வரி அவன் முகத்தையே பார்த்தாள். சிரிக்கிறானா என்று பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.